கையால் ஊட்டிய மூச்சு

ஒரு நியாயமான சந்தேகம்

ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் நெருங்கிய உறவினர் ஒருவரைச் சேர்த்துவிட்டுக் கட்டிலருகே நின்று கவனித்தவர்கள் பலருக்கும் ஒரு சந்தேகம் எழுந்திருக்கும். நோயாளியின் முகத்தில் பிராணவாயு முகமூடி பொருத்தப்பட்டிருக்கிறது. மார்பு இலேசாக ஏறி இறங்குகிறது. சற்று முன்பு நீலம் பாய்ந்திருந்த உதடுகள் இப்போது சிவந்திருக்கின்றன. விரல் நுனியில் மாட்டிய சிறு கருவி 97 என்று காட்டுகிறது. ஆபத்து நீங்கிற்று என்று உறவினர் ஆறுதல் கொள்ளும் அந்த வேளையில்தான் டாக்டர் வந்து நோயாளியின் தோளைத் தட்டிப் பெயர் சொல்லி அழைக்கிறார். பதில் குழறுவதைக் கேட்கிறார். மார்பின் அசைவைச் சிறிது நேரம் உற்று நோக்குகிறார். பிறகு நர்ஸைப் பார்த்து, "மூச்சு போதவில்லை, பையை எடுங்கள்" என்கிறார்.

மூச்சுதான் ஓடிக்கொண்டிருக்கிறதே, பிராணவாயுவும் நிறைந்திருக்கிறதே, இன்னும் போதாதது எது? கேள்வி முற்றிலும் நியாயமானது. இதைக் கேட்பதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஏனெனில் ஐரோப்பாவின் தேர்ந்த வைத்தியர்களே 1952ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வரையில் இதே இடத்தில் திகைத்து நின்றார்கள், அந்தத் திகைப்பினூடே நோயாளிகள் ஒருவர்பின் ஒருவராக இறந்துகொண்டிருந்தார்கள். அந்தத் திகைப்பு நீங்கிய கதையே இந்த அத்தியாயத்தின் நடுப்பகுதி. அதற்கு முன்பாக மூச்சு என்னும் காரியத்தைச் சற்று அருகில் சென்று பார்த்துவிடுவோம்.

மூச்சின் இரண்டு கடமைகள்

சுவாசம் என்றதும் நம் மனத்தில் தோன்றுவது காற்றை உள்ளே இழுப்பதுதான். வெளியே விடுவதை, இழுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் ஒரு சம்பிரதாயமாகவே எண்ணிவிடுகிறோம். சரீரத்தின் கணக்கிலோ இரண்டும் சரிநிகரானவை. உணவிலிருந்து சக்தி பெறுவதற்கு ஒவ்வோர் உயிரணுவுக்கும் பிராணவாயு வேண்டும். அவ்விதம் சக்தி பெறும்போது உண்டாகும் கரியமிலவாயுவை நிமிஷத்துக்கு நிமிஷம் வெளியேற்றியாகவும் வேண்டும். ஓய்வாகப் படுத்திருக்கும் வயது வந்த ஒருவர் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 250 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் செலவிட்டு, 200 மில்லிலிட்டர் கரியமிலவாயுவை உண்டாக்குகிறார்.

இவ்விரண்டு வாயுக்களும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மூச்சின் அளவு குறைந்துபோனாலும், உள்ளே செல்லும் காற்றில் பிராணவாயுவின் பங்கை 21 சதவீதத்திலிருந்து 50, 60 என்று உயர்த்திவிட்டால், செல்கிற சிறிதளவு காற்றே ரத்தத்தை நிறைத்துவிடப் போதுமானதாகிறது. உதடு சிவப்பதும் விரற்கருவி 97 காட்டுவதும் இதனால்தான். கரியமிலவாயுவுக்கு இத்தகைய குறுக்குவழி கிடையாது. நுரையீரலின் கோடிக்கணக்கான நுண்ணறைகள் வரையில் சென்று திரும்பும் காற்று எவ்வளவோ அவ்வளவே அது வெளியேறும். சிலிண்டரின் திருகை எவ்வளவு திறந்துவைத்தாலும் அதன் வெளியேற்றம் அணுவளவும் கூடாது.

தங்கிவிட்ட கரியமிலவாயு ரத்தத்தில் கரைந்து அமிலமாகிறது. தொடக்கத்தில் நாடி துரிதமடைகிறது, தோல் வியர்க்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, மூளையின் அடியிலுள்ள முகுளம் "இன்னும் மூச்சு விடு" என்று தசைகளை ஏவுகிறது. தசைகளால் அந்த ஏவலை நிறைவேற்ற முடியாமற்போய், வாயு மேலும் மேலும் தங்கும்போது, மூளையே மந்தமடைந்து நோயாளி உறக்கம்போன்ற மயக்கத்தில் ஆழ்கிறார். இரவெல்லாம் மூச்சுக்குத் தவித்தவர் விடியற்காலையில் அமைதியாகக் கண்ணயர்ந்துவிட்டார் என்று வீட்டார் மகிழும் அந்த அமைதி, பல சமயங்களில் மிகக் கொடிய அபாயத்தின் அடையாளம் என்பதை நான் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன்.

குழலில் தேங்கும் காற்று

சரி, மார்பு அசைகிறதே, காற்று போய்வருகிறது என்று அதனால் தெரியவில்லையா? ஓரளவுதான் தெரிகிறது. மூக்கிலிருந்து தொண்டை, மூச்சுக்குழல், அதன் கிளைகள் என்று நுண்ணறைகளுக்குச் செல்லும் பாதை ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் காற்றைக் கொள்ளும். இந்தப் பாதையில் ரத்தத்தோடு எவ்விதக் கொடுக்கல்வாங்கலும் நடப்பதில்லை. ஆதலால் இதனை வீண்வெளி என்று அழைப்போம். வெகுநேரம் மூடியிருந்த தண்ணீர்க் குழாயைத் திறந்தால் முதலில் வருவது குழாயிலேயே தேங்கிக் கிடந்த பழைய நீராகவும், அது முழுவதும் தீர்ந்த பின்பே தொட்டியின் புதுநீர் வருவதாகவும் இருப்பதுபோல, ஒவ்வொரு மூச்சிலும் நுண்ணறைகளுக்குள் முதலில் நுழைவது முந்திய மூச்சில் வெளியேறாமல் வழியில் நின்றுபோன அசுத்தக் காற்றே. அதற்குப் பின்னால்தான் புதிய காற்று.

இதைச் சிறு கணக்கால் விளக்கலாம். ஆரோக்கியமான ஒருவர் நிமிஷத்துக்கு 12 முறை, முறைக்கு 500 மில்லிலிட்டர் வீதம் மூச்சு விடுகிறார். மொத்தம் 6 லிட்டர். வீண்வெளிக்கென்று ஒவ்வொரு மூச்சிலும் 150 போக, 350 மில்லிலிட்டர் பயன்படுகிறது. ஆக நிமிஷத்துக்கு 4.2 லிட்டர். தசைகள் சோர்ந்த நோயாளி ஒருவர் 24 முறை, முறைக்கு 250 மில்லிலிட்டர் வீதம் மேலோட்டமாக மூச்சு விடுகிறார். மொத்தம் அதே 6 லிட்டர்தான். ஆனால் பயன்படுவது ஒவ்வொரு மூச்சிலும் 100 மில்லிலிட்டர், நிமிஷத்துக்கு 2.4 லிட்டர். இன்னும் சோர்ந்து, 40 முறை, முறைக்கு 150 என்று அவர் இளைக்கத் தொடங்கினால், மார்பு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். கணக்குப்படி நுண்ணறைகளுக்குப் போய்ச் சேரும் புதிய காற்று அநேகமாக ஒன்றுமில்லை. கட்டிலருகே நின்ற டாக்டர் விரற்கருவியை விட்டுவிட்டு மார்பின் அசைவை, அதன் ஆழத்தை, உற்று நோக்கியதன் காரணம் இதுதான்.

கோபன்ஹேகன், 1952

1952ஆம் ஆண்டின் கோடையில் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் மிக உக்கிரமாகப் பரவிற்று. நோயாளிகள் அனைவரும் பிளெக்டாம் என்னும் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். நோய் உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் 50 பேர்வரை வந்தார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். இந்த நோயின் கிருமி முதுகுத்தண்டின் நரம்பணுக்களைத் தாக்கிக் கைகால்களை முடக்குவதை நாம் அறிவோம். அவ்வருஷத்தில் பரவியதோ, மூச்சு விடும் தசைகளையும் விழுங்கும் தசைகளையும் சேர்த்து முடக்கும் விபரீத வடிவம். விழுங்க முடியாமற்போன குழந்தையின் உமிழ்நீரும் கோழையும் தொண்டையில் தேங்க, இருமி வெளியேற்றவும் வலுவில்லாமல், தன் உமிழ்நீரிலேயே அது மூழ்கும் நிலை உண்டாயிற்று.

அக்காலத்தில் இதற்கிருந்த உபகரணம் இரும்பு நுரையீரல். பாஸ்டன் நகரில் பிலிப் டிரிங்கர் என்பவர் 1928இல் அமைத்த இப்பெட்டிக்குள், தலை மட்டும் வெளியே இருக்க நோயாளியின் உடல் முழுவதும் கிடத்தப்படும். பெட்டியினுள் காற்றழுத்தத்தைக் குறைக்கும்போது மார்பு விரிந்து வெளிக்காற்று தானே வாய்வழி உள்ளே நுழையும். பல நாடுகளில் எத்தனையோ குழந்தைகளைக் காத்த நல்ல இயந்திரந்தான் அது. ஆனால் தொண்டையில் கோழை தேங்கியிருக்கும் குழந்தையின் மார்பை அது விரிக்கும்போது, காற்றோடு கோழையையும் சேர்த்தல்லவா உள்ளே இழுக்கும்! அதுவும் பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே ஒரு பெட்டி. அதைத் தவிர மார்பில் மட்டும் கவசம்போல் பொருத்தும் சிறு இயந்திரங்கள் ஆறு. முதல் மூன்று வாரங்களில் மூச்சுத் தசைகள் முடங்கி இயந்திரச் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள்.

ஓர் எண்ணுக்கு இரண்டு பொருள்

தலைமை வைத்தியர் லாசன் அனுபவமும் கல்வியும் நிறைந்தவர். மரணத்துக்குக் காரணம் கிருமி மூளையையே தாக்கிவிடுவதுதான் என்று அவரும் மற்றவர்களும் எண்ணினார்கள். அப்படியானால் மனித முயற்சிக்கு இடமே இல்லை. அவருடன் பணியாற்றிய பியோர்னெபோ என்ற இளம் வைத்தியருக்கு மட்டும் ஒரு யோசனை தோன்றிற்று. சில மாதங்களுக்கு முன்பு டெட்டனஸ் கண்ட ஒரு பச்சிளங்குழந்தைக்குச் சிகிச்சை செய்தபோது தமக்குத் துணையாயிருந்த மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சனை அழைத்துக் கேட்கலாமே என்றார். தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து நிபுணருக்கு என்ன வேலை என்று மற்றவர்களுக்குத் தோன்றியிருக்கலாம்; அக்காலத்தில் அவர்கள் அறுவை அறையை விட்டு வெளியே வருவதே அரிது. லாசன் தயங்கினார், ஆயினும் சம்மதித்தார். தம் துறைக்கு வெளியிலுள்ள ஒருவரை அழைத்து யோசனை கேட்கும் மனம் அந்தத் தலைமை வைத்தியருக்கு இருந்ததை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை.

ஆகஸ்டு 25 அன்று இப்சன் வந்தார். இறந்தவர்கள் நால்வரின் பிரேத பரிசோதனையைப் பார்த்தார். நுரையீரல்கள் பெருமளவும் காற்று கொள்ளத்தக்க நிலையிலேயே இருந்தன. பின்னர் நோயாளிகளின் ரத்தப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்தார். எல்லாருடைய ரத்தத்திலும் கரியமிலவாயுவின் மொத்த அளவு மிகுந்திருந்தது. இந்த எண்ணை அங்கிருந்த வைத்தியர்களும் பார்த்தே இருந்தார்கள். ரத்தத்தில் காரம் மிகுந்துவிட்டது, அது இந்நோயின் ஏதோ ஒரு மர்மமான விளைவு என்று பொருள் கொண்டிருந்தார்கள். அவர்கள் அவ்விதம் எண்ணியதில் வியப்பில்லை. ரத்தத்தில் கரியமிலவாயு பெரும்பாலும் பைகார்பனேட் என்னும் காரப் பொருளாகவே பயணம் செய்கிறது. காரம் மிகுந்தாலும் அந்த எண் ஏறும், மூச்சு போதாமல் வாயு தங்கினாலும் அதே எண் ஏறும். எண் ஒன்று, பொருள் இரண்டு.

இப்சனோ தினந்தோறும் அறுவை அறையில் மற்றவர்களின் மூச்சைத் தம் கையால் நடத்திவந்தவர். 1942இல் மான்ட்ரியாலில் ஹெரால்டு கிரிபித் என்பவர், தசைகளைத் தளர்த்தும் குராரே என்ற மருந்தை அறுவைச் சிகிச்சையில் புகுத்திய நாள் முதலாக, நோயாளியின் மூச்சுத் தசைகள் செயலற்றிருக்கும்போது ரப்பர்ப் பையை அமுக்கிக் காற்றூட்டுவது மயக்க மருந்து நிபுணர்களின் அன்றாட வேலையாகிவிட்டது. அந்தக் கை சற்றே சோம்பினால் நோயாளி வியர்ப்பார், ரத்த அழுத்தம் ஏறும். கை மீண்டும் சரியாக இயங்கினால் அவை மறையும். பிளெக்டாம் குழந்தைகளும் இறக்கும் முன்பு வியர்த்தார்கள், ரத்த அழுத்தம் ஏறிற்று. இவர்கள் மூளை நோயால் சாகவில்லை, மூச்சு போதாமல் சாகிறார்கள் என்று இப்சன் சொன்னார்.

ஆகஸ்டு 27

வாதிடுவதைவிடச் செய்துகாட்டுவது மேல் என்று தீர்மானமாயிற்று. நான்கு அவயவங்களும் முடங்கி, கடும் காய்ச்சலோடு, கோழையில் மூச்சுத் திணறி, நீலம் பாய்ந்து கிடந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். கழுத்தின் முன்புறம் மட்டும் மரத்துப்போகச் செய்து, மூச்சுக்குழலில் துளையிட்டு, அதனுள் ரப்பர்க் குழாய் ஒன்றைச் செலுத்தினார்கள். குழாயின் வெளிப்புறத்தில் காற்றடைத்து உப்பச் செய்யக்கூடிய சிறு வளையம் உண்டு; அது மூச்சுக்குழலின் சுவரோடு ஒட்டி நின்று, மேலிருந்து கோழை இறங்காமலும் கீழிருந்து காற்று கசியாமலும் தடுக்கும். இப்சன் குழாயில் பையை இணைத்து அமுக்கினார். காற்று போகவில்லை.

சிறுமி பயத்திலும் தவிப்பிலும் எதிர்த்துப் போராடினாள், மூச்சுக்கிளைகள் இறுகிவிட்டன, அவள் நிலை கணத்துக்குக் கணம் மோசமாயிற்று. பார்க்க வந்திருந்த வைத்தியர்கள் முடிந்துபோயிற்று என்று எண்ணி ஒவ்வொருவராக அறையை விட்டு வெளியேறத் தொடங்கினார்கள். அந்த நிலையில் இப்சன், பென்டதால் என்ற மயக்க மருந்தை ஊசிவழி செலுத்தினார். ஏற்கெனவே மூச்சு போதாதவளுக்கு, உள்ள மூச்சையும் நிறுத்தக்கூடிய மருந்து! ஆனால் அவர் அறிந்தே செய்தார். போராட்டம் அடங்கிற்று, உடல் தளர்ந்தது, பை கைக்கு இணங்கிற்று, மார்பு நன்றாக உயர்ந்தது. நீலம் மறைந்து, வியர்வை நின்று, ரத்த அழுத்தம் இறங்கி, அவள் சீரடைந்தாள்.

அதோடு அவர் நிறுத்தியிருந்தால் அது ஒரு வைத்தியரின் சாமர்த்தியம் என்ற அளவில் முடிந்திருக்கும். வெளியே வரும் மூச்சில் கரியமிலவாயுவை அளக்கும் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. சிறுமியைப் பையிலிருந்து விடுவித்து இயந்திரத்தில் வைத்தார்கள். மீண்டும் வியர்த்தது, அழுத்தம் ஏறிற்று, கரியமிலவாயுவின் அளவும் ஏறிற்று. பிராணவாயுவை அதிகமாகக் கொடுத்தார்கள். நிறம் நன்றாயிற்று, வியர்வையும் அழுத்தமும் குறையவில்லை. மறுபடி கையால் காற்றூட்டினார்கள், எல்லாம் இறங்கின. நிறம் வேறு, மூச்சு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணத்தை நான் எங்கும் கண்டதில்லை. அச்சிறுமி உயிர் பிழைத்து, அதன்பின் பல வருஷங்கள் வாழ்ந்தாள்.

மாணவர்களின் கைகள்

மறுநாளே கேள்வி வேறாயிற்று: ஒவ்வொரு நோயாளிக்கும் இரவும் பகலும் பையை அமுக்குவதற்குக் கைகளுக்கு எங்கே போவது? மருத்துவக் கல்லூரி மாணவர்கள் அழைக்கப்பட்டார்கள். அடுத்த மாதங்களில் ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறைபோட்டு வந்து, மொத்தம் 1,65,000 மணி நேரம் பையை அமுக்கினார்கள். ஒரே சமயத்தில் 70 நோயாளிகள் வரையில் இவ்விதம் கையூட்டிய மூச்சால் வாழ்ந்த நாட்கள் உண்டு. அறிவு தெளிந்திருந்தும் அசையவோ பேசவோ இயலாத அக்குழந்தைகளின் முகக்குறிப்பைப் பார்த்தே மாணவர்கள் அமுக்கும் வேகத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ளப் பழகினார்கள். பத்துக்கு ஒன்பதாக இருந்த மரணம், பாதிக்கும் கீழே இறங்கிற்று. ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் பவுல் ஆஸ்ட்ரூப் என்பவர் ரத்தத்தின் அமிலத்தன்மையை நேராக அளந்து, தங்கியிருந்தது காரமல்ல, அமிலமே என்று இப்சனின் கூற்றை உறுதிப்படுத்தினார். மறுவருஷம் டிசம்பரில் இப்சன் நகரின் மற்றோர் ஆஸ்பத்திரியில், மூச்சு போதாத எல்லா வித நோயாளிகளையும் ஒரே இடத்தில் வைத்துக் காக்கும் பிரிவொன்றைத் தொடங்கினார், இன்று ஐ.சி.யூ. என்று நாம் வழங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அதுவே மூலம் என்பர்.

இளம்பிள்ளை வாதம் நம் நாட்டை விட்டு நீங்கிவிட்டது. ஆனால் கட்டுவிரியனும் நாகமும் நீங்கவில்லை. இவற்றின் விஷம் நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைத் தடுக்கிறது. முதலில் கண்ணிமை சரியும், பிறகு பேச்சு குழறும், விழுங்க முடியாமற்போகும், இறுதியில் மூச்சு மேலோட்டமாகும். இருதயமும் மூளையும் பழுதின்றி இருக்க, மூச்சுத் தசை மட்டும் முடங்கிக் கிடக்கும் இந்த நிலை, கோபன்ஹேகன் குழந்தைகளின் நிலையேதான். விஷமுறிவு மருந்து வேலை செய்து, தசைகள் மீளும் வரையில், சில மணி நேரமோ சில நாட்களோ, வேறொருவர் மூச்சூட்டினால் கடிபட்டவர் முழு ஆரோக்கியத்தோடு எழுந்து நடப்பார்.

முதலில் வழி

பையை எடுப்பதற்கு முன்பு செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது. கோபன்ஹேகனில் கழுத்துத் துளையும் குழாயும் அதைச் செய்தன. வீதியிலும் வீட்டிலும் ஆம்புலன்ஸிலும் வெறுங்கை அதைச் செய்ய முடியும். பிரக்ஞை இழந்து மல்லாந்து கிடப்பவரின் தாடை தளர்ந்து, நாவின் அடிப்பகுதி பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது. பாதி அடைத்தால் குறட்டை கேட்கும். கோழையோ ரத்தமோ தேங்கியிருந்தால் களகளவென்ற ஓசை கேட்கும். குரல்வளையே குறுகியிருந்தால் மூச்சை இழுக்கையில் கீச்சென்ற ஒலி எழும். முற்றிலும் அடைத்துவிட்டால் ஓசையே இராது. மார்பு உள்வாங்க வயிறு உப்பும், வயிறு அடங்க மார்பு எழும், காற்று மட்டும் போகாது. பார்ப்பவர்கள் இந்த அசைவையும் மூச்சு என்றே எண்ணிவிடுகிறார்கள்.

ஒரு கையை நெற்றியில் வைத்துத் தலையைப் பின்னோக்கிச் சாய்த்து, மறுகையின் விரல்களால் மோவாய் எலும்பை உயர்த்தினால், நாவும் அதனோடு எழுந்து வழி திறந்துவிடும். விழுந்தோ வாகனம் மோதியோ கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்று தோன்றினால், தலையைச் சாய்க்காமல், தாடையின் இரு கோணங்களையும் பின்னிருந்து முன்னோக்கித் தள்ள வேண்டும். பால்ட்டிமோர் நகரில் பீட்டர் சாபர் 1957இல், மருந்தால் தசைகள் தளர்த்தப்பட்ட தொண்டர்களைக் கொண்டு இதை நேரிற் காட்டினார்: தலையைச் சாய்க்காதவரையில் காற்று தடைப்பட்டது, சாய்த்ததும் சென்றது. நாம் வெளியே விடும் மூச்சிலும் ஏறக்குறைய 16 சதவீதம் பிராணவாயு எஞ்சியிருப்பதால், வாயோடு வாய் வைத்து ஊதும் மூச்சே ஓர் உயிரைத் தாங்கப் போதுமானது என்பதும் அக்காலத்தில்தான் உறுதியாயிற்று.

நம் ஊர்களில் மயங்கி விழுந்தவரைச் சுற்றிக் கூடும் கூட்டம் அன்பினால் செய்யும் இரண்டு காரியங்களை இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. ஒன்று, தலைக்கு உயரமான தலையணை வைப்பது. அதனால் மோவாய் மார்பில் முட்டி, சற்றே திறந்திருந்த வழியும் மூடிக்கொள்கிறது. மற்றொன்று, வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றுவது. விழுங்கும் உணர்வு அற்றவருக்கு அது நேரே மூச்சுக்குழலுக்குப் போகும்.

பையும் கையும்

வழி திறந்தும் மூச்சு போதவில்லையென்றால் பை வேண்டும். நம் ஆஸ்பத்திரிகளிலும் 108 வண்டிகளிலும் ஆம்பு பை என்று வழங்கும் அதுவும் கோபன்ஹேகனின் கொடையே. ஹென்னிங் ரூபன் என்ற மயக்க மருந்து நிபுணரும் ஹோல்கர் ஹெசே என்ற பொறியியலாளரும் சேர்ந்து அமைத்து 1956இல் வெளியிட்டார்கள். இப்சனின் மாணவர்கள் அமுக்கிய பைக்கு சிலிண்டரிலிருந்து வாயு வந்துகொண்டே இருக்க வேண்டும். ரூபனின் பை அமுக்கிவிட்டதும் தானே விரிந்து வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். சிலிண்டர் தீர்ந்துபோனாலும் மூச்சு நிற்காது.

பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இந்தப் பையைச் சரியாகக் கையாளுவது, அவசர சிகிச்சையில் மிகக் கடினமான கைத்திறன்களில் ஒன்று. முகமூடி முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். அதற்காக முகமூடியை முகத்தின்மேல் அழுத்தினால் தாடை பின்னே சென்று வழி அடைபடும். ஆகவே முகத்தை முகமூடிக்குள் தூக்கிக் கொடுப்பதாக எண்ணிக்கொண்டு, பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முகமூடியைப் பிடித்து, எஞ்சிய மூன்று விரல்களைத் தாடை எலும்பின் கீழ்க் கொடுத்து உயர்த்த வேண்டும். இருவர் இருந்தால் ஒருவர் இரு கைகளாலும் முகமூடியைப் பிடிக்க, மற்றவர் பையை அமுக்குவது உத்தமம். மார்பு எழுவது கண்ணுக்குத் தெரிந்தவுடன் அமுக்குவதை நிறுத்திவிட வேண்டும்; வயது வந்தவருக்கு ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை போதும். பதற்றத்தில் கை தானாகவே வேகமெடுக்கும். அப்போது மிகுந்த காற்று இரைப்பைக்குப் போய் வாந்தியை உண்டாக்கும். மார்பினுள் அழுத்தம் ஓயாது நிற்பதால் இருதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும். மனத்துக்குள் எண்ணிக்கொண்டு அமுக்குபவரே நல்ல உதவியாளர்.

குழாய் எப்போது?

வாய்வழியாக மூச்சுக்குழலில் குழாய் செலுத்துவதையே அவசர சிகிச்சையின் சிகரமாகப் பலர் எண்ணுகிறார்கள். குழாய் பெரும் பாதுகாப்புத்தான்: வாந்தியும் கோழையும் இறங்காமல் தடுக்கும், நாட்கணக்கில் இயந்திரத்தோடு இணைத்துவைக்க உதவும். ஆனால் மூச்சு போதாதவருக்கு அந்தக் கணத்தில் தேவைப்படுவது காற்று. குழாய் அதற்குரிய வழிகளில் ஒன்று. முகமூடியும் பையும் மார்பை நன்றாக உயர்த்திக்கொண்டிருந்தால், குழாய்க்கு அவகாசம் இருக்கிறது.

அவகாசத்தின் அளவையும் அறிவது நல்லது. சாதாரணமாக மூச்சை விட்ட பின்பும் நம் நுரையீரலில் ஏறக்குறைய 2.5 லிட்டர் காற்று தங்கியிருக்கும். அதிலுள்ள பிராணவாயு அரை லிட்டருக்கும் குறைவு. சரீரம் நிமிஷத்துக்குக் கால் லிட்டர் வீதம் செலவிடுகிறது. மருந்து கொடுத்து மூச்சை நிறுத்திவிட்டுக் குழாய் செலுத்த முயல்பவருக்கு இரண்டு நிமிஷங்கள்கூட இல்லை. அதற்கு முன்பு மூன்று நிமிஷம் தூய பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்தால், அந்த 2.5 லிட்டரும் பெரும்பாலும் பிராணவாயுவாகவே நிறைந்து, ஆரோக்கியமானவருக்கு ஏழெட்டு நிமிஷம் தாங்கும். கடும் நோயாளிக்கோ அதில் ஒரு பகுதிதான். ஒருமுறை முயன்று கிட்டாவிட்டால் உடனே நிறுத்திப் பையால் காற்றூட்டிவிட்டே அடுத்த முயற்சியைத் தொடங்க வேண்டும். குழாய் நுழையாததால் இறந்தவர்களைவிட, குழாயை நுழைப்பதிலேயே கவனம் மூழ்கிக் காற்றூட்ட மறந்ததால் இறந்தவர்களே அதிகம் என்பது இத்துறையினர் தம் மாணவர்களுக்கு இடைவிடாமல் சொல்லிவரும் பாடம்.

செலுத்திய குழாய் எங்கே நிற்கிறது என்பது கடைசிக் கேள்வி. மூச்சுக்குழலுக்கு நேர் பின்னால் உணவுக்குழல் இருக்கிறது. 1943இல் ராபர்ட் மாக்கின்டாஷ் அமைத்த வளைந்த அலகுடைய விளக்குக்கருவியால் குரல்வளையைக் கண்ணாற் பார்த்தே செலுத்தினாலும் குழாய் வழுவிப் பின்னால் போய்விடக்கூடும். மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் ஒலியும், குழாயின் உட்புறத்தில் படியும் ஆவியும் சில வேளைகளில் ஏமாற்றும். விரற்கருவியோ, முன்கூட்டி நிறைத்துவைத்த பிராணவாயு தீரும் வரையில் 97 என்றே காட்டிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு திடீரென்று சரியும். ஏமாற்றாத சாட்சி, 1952இல் சிறுமியின் வெளிமூச்சில் இப்சன் தேடிய அந்தக் கரியமிலவாயுவே. இரைப்பையில் அது உற்பத்தியாவதில்லை. நுண்ணறைகளிலிருந்து திரும்பும் காற்றில் மட்டுமே ஒவ்வொரு மூச்சோடும் அது அலை அலையாக எழும். பையை அமுக்க அமுக்கத் திரையில் அந்த அலை தொடர்ந்து எழுந்தால் குழாய் சரியான இடத்தில் இருக்கிறது. எழவில்லையென்றால், செலுத்தியவர் எவ்வளவு தேர்ந்தவராயினும், தம் கண்ணாற் கண்டதாக எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், குழாயை வெளியே எடுத்துவிட்டு முகமூடிக்கும் பைக்கும் உடனே திரும்ப வேண்டும்.